சின்னப் பிடி வாள்

எங்கள் வீட்டு வாளின் பிடிக்குள் வளர்ந்த ஆளின் கை போகாது. மூன்று விரல் வசதியாக இருக்கும், நான்காவதைத் திணிக்க வேண்டும். திணித்துப் பிடித்துக்கொண்டு ஒரு வீச்சு வீசினால், பிடியின் அடியில், கோப்பைக்குக் கீழே வைக்கும் சின்னப் பீரிசு மாதிரிக் கவிழ்ந்திருக்கும் இரும்புத் தட்டு மணிக்கட்டில் ஏறிக் குத்தும். இந்த ஒரு குறைக்காக அந்த வாள் கிட்டத்தட்ட இரண்டு தேங்காய்க் கத்திகளாக மாறியிருக்கும்.

பிரதேச செயலகத்தில் ஊர் மரபுரிமைக்கென்று ஒரு காட்சியறை திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வாப்பாவும் நானும் வாளைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து முடித்துவிட்டு, என் வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் போல அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தேன். சும்மா இருக்கத் தெரியாத எனக்கு அந்த வாள்தான் வேலை. அலகு ஒரு கை நீளம், இலேசான வளைவு, ஒரு பக்கம் மட்டும் கூர். போர் வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பொருட்களைத் தெரிவு செய்ய இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கலாசார உத்தியோகத்தர், என்னைவிட நாலைந்து வயது கூடிய பெண். மற்றவர் ஓய்வுபெற்ற நாடக ஆசிரியர். எங்கள் பக்கத்துப் பாடசாலை மேடைகளில் அரசர்கள் ஏந்திய வாள்களில் பெரும்பாலானவை அவர் கையால் செய்தவை. அவர் எங்கள் வாளை வாங்கி, பிடிக்குள் கையை நுழைத்து, நுழையாமல் போனதும் உத்தியோகத்தரிடம் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க மிஸ், என்ட கையே போகுதில்ல. இது நாடக வாள். ராசா வேசம் போட்ட பொடியன் ஒருத்தன் இடுப்பில சொருகிக்கிட்டு நிண்டிருப்பான்."

"அலகு நல்ல உருக்கு சேர்," என்றேன். "நாடகத்துக்கு ஆரும் உருக்கில அடிப்பாங்களா?"

"கிடைச்ச இரும்பில அடிச்சிருப்பான் மகள். பிடிக்க ஏலாத வாளால ஆரு சண்ட பிடிக்கிற? எதிரிக்கிட்ட, கொஞ்சம் பொறுங்க காக்கா, விரல் இறுகிட்டு, கழட்டிக்கிறன் எண்டு சொல்றதா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பகிடிதான், எனக்கும் சிரிப்பு வந்தது. வாப்பா மட்டும் சிரிக்காமல் சாக்கை மடித்துக்கொண்டிருந்தார்.

உத்தியோகத்தர் நேர்மையாகச் சொன்னார். "எங்களுக்கு இடம் கொஞ்சம்தான். சண்டயில பாவிச்ச ஆயுதம் எண்டா கட்டாயம் எடுப்பம். நாடகச் சாமானுக்கு இந்த முறை இடமில்ல. நீங்க என்னத்தையாவது செஞ்சு காட்டுறதெண்டா, ஹஜ்ஜுப் பெருநாள் முடிய வீட்ட வந்து பாக்கிறம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் உம்மா ஆறுதலாக மூச்சு விட்டா. "மிச்சம் நல்லம். பெருநாள் முடியட்டும். அவங்க எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டி அடுத்த நாளே கொல்லன் பட்டறைக்குப் போற. இரண்டு தேங்காய்க் கத்தி அடிக்கலாம்."

உம்மாவைக் குறை சொல்ல முடியாது. குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு படையினர் ஆயுதம் தேடி வீடு வீடாக ஏறி இறங்கிய அந்த வருசத்தில், எங்கள் ஊரில் வாள் என்ற சொல்லையே ஆட்கள் குரல் தணித்துத்தான் சொன்னார்கள். எத்தனையோ வீடுகளில் பழைய கத்திகளைக் கிணற்றிலும் களப்புத் தண்ணீரிலும் போட்டார்கள். போடும்போதும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். எங்கள் வாள் நெல் மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. உம்மாவின் நித்திரையும் அதோடு அங்கேயே கிடந்தது. வாப்பா, தன் வாப்பா கையில் தந்த ஒரே பொருள் என்று அதை விட மறுத்தார். ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த மறுப்புக்கு உம்மாதான் விலை கொடுத்தா. இனி அது அரசாங்கத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், அல்லது உலகத்திலேயே இருக்கக்கூடாது. நடுவில் ஒரு வழியும் இல்லை.

ஆக, நான் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தப் பிடியைப் பிடித்து வெட்ட முடியும்.

முதலில் வாப்பாவின் கொள்கை. "அந்தக் காலத்து ஆக்களுக்குச் சின்னக் கை." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாப்பாவின் வாப்பா விரலில் கிடந்த வெள்ளி மோதிரம் வாப்பாவிடம் இருக்கிறது. அது வாப்பாவின் பெருவிரலிலேயே ஆடும். மண்வெட்டியும் கலப்பையும் பிடித்த கைகள் எப்படிச் சின்னக் கைகளாக இருக்கும்? தொலைபேசியில் தேடிப் பார்த்தால், எங்கெங்கோ நாடுகளில் எங்கள் வாளின் சொந்தக்கார வாள்களை வைத்துக்கொண்டு ஆட்கள் இதே கேள்வியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னக் கை என்றார்கள், குதிரை வீரன் என்றார்கள், சும்மா அலங்காரம் என்றார்கள். ஆளுக்கொரு கதை. ஒருவரும் எனக்கு விளங்கும்படி வெட்டிக் காட்டவில்லை. செய்து பார்த்தால்தான் தெரியும் என்று முடிவெடுத்தேன்.

பழைய வாளால் எதையும் வெட்டுவதில்லை என்பது எனக்கு நானே போட்ட சட்டம். ஒரு நகல் வேண்டும். தம்பியின் கூட்டாளி ஒருவன் வெல்டிங் கடை வைத்திருக்கிறான். வாளின் படத்தைக் காட்டியதும் அவன் கடைவாசலை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான்.

"ராத்தா, பிடி மட்டும் செஞ்சு தாறன். அலகு கிலகு எண்டு என்னட்டக் கேக்கப்படாது. ஆரும் கேட்டா இது கதவுப் பிடி எண்டு சொல்லுவன்."

"இப்பிடிக் கதவுப் பிடிய ஆரு வைப்பாங்க?"

"பிடிக்க ஏலாத பிடி எண்டுதானே நீங்களும் சொல்றீங்க. கள்ளன் வராத கதவு."

பிடியை அச்சு மாறாமல் செய்து தந்தான். அளவுகளை நான் நூல் பிடித்து எடுத்துக் கொடுத்திருந்தேன். நடுவில் புடைப்பு, மேலே குறுக்குக் கட்டை, கீழே அந்தப் பொல்லாத தட்டு. அலகுக்குப் பதிலாக, வரம்பில் புல் வெட்டும் நீளக் கத்தி ஒன்றை அதில் ஆணி போட்டு இறுக்கினோம். வயற்காரர் வீட்டில் புல்லுக் கத்தி இருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள்.

தம்பி ஊர் கிரிக்கட் அணியின் ஆரம்பத் துடுப்பாட்டக்காரன். அவன் கையில் எதைக் கொடுத்தாலும் அது துடுப்புத்தான். முற்றம் கூட்டும் தும்புத்தடியையும் அப்படித்தான் பிடிப்பான். கொல்லைப்புறத்தில் குலை வெட்டிய வாழை ஒன்று நின்றது. காலை முன்னால் வைத்து, மணிக்கட்டை முறித்து, அடித்தான். வாழை துண்டாக விழுந்தது.

"பாத்தியா ராத்தா? கவர் ட்ரைவ்."

"கையக் காட்டு."

மணிக்கட்டின் உள்பக்கத்தில் தட்டின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. இன்னும் சில வெட்டு வெட்டினான். சிவப்பு நீலமானது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் ஓட்டம் எடுக்காமல் வெளியேறிவிட்டு வந்து, அதற்கும் நான்தான் காரணம் என்று உம்மாவிடம் முறையிட்டான்.

எனக்கு அப்போதுதான் வாழையின் மேல் சந்தேகம் வந்தது. கோடு போடும் என்னுடைய இரும்பு அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போய் மிச்சத் தண்டில் ஒரு போடு போட்டேன். அதுவும் துண்டானது. அடிமட்டத்துக்கே அடங்குகிற வாழை, வாளைப் பற்றி என்ன சாட்சி சொல்லும்? வாழையை நம்பி எல்லோரும் தங்களை வீரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தப்பாக வெட்டினால் தப்பு என்று முகத்தில் சொல்கிற ஒரு சாமான் எனக்குத் தேவைப்பட்டது.

அது வீட்டிலேயே கிடந்தது. பாலமுனையில் வாங்கிய, பன் புல்லில் இழைத்த பன்பாய். ஓரம் பிய்ந்து, சமையலறை மூலையில் சுருண்டு கிடந்த ஒன்றை எடுத்து இறுக்கிச் சுருட்டி, மூன்று இடத்தில் கட்டி, கிணற்றடித் தொட்டியில் இரவு முழுக்க ஊறப்போட்டேன். ஊறிய பன் கனமாக, வழுவழுப்பாக, இழை இழையாக இருக்கும். கத்தி வெறுமனே மோதினால் இழைகள் நசுங்குமே தவிர அறாது. காலையில் அதை ஒரு கம்பில் செருகி நிறுத்தினேன். தம்பி வந்தான், காலை முன்னால் வைத்தான், அடித்தான். பாய் கம்போடு பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டு வேலியில் விழுந்தது. ஒரு இழைகூட அறவில்லை.

வேலிக்கு மேலால் அடுத்த வீட்டு மாமியின் தலை தெரிந்தது.

"என்ன புள்ள, பாயில ஜின் கின் புடிச்சிருக்கா? ரெண்டு பேரும் சேந்து அடிக்கிறீங்க."

"வெட்டிப் பாக்கிறம் மாமி."

"பாய வெட்டியா? உன்ட உம்மா உனக்கு மாப்பிள பாக்கிற எண்டு சொன்னா. பாய வெட்டுற புள்ள எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், பயப்படாத."

நானும் அடித்துப் பார்த்தேன். விரலை மாற்றி மாற்றிப் பிடித்தேன். இடக்கையால் பிடித்தேன். தலைகீழாகப் பிடித்தேன். சுட்டுவிரலைக் குறுக்குக் கட்டைக்கு மேலால் எடுத்து அலகின் அடியில் வளைத்துப் போட்டால் மற்ற மூன்று விரலுக்கும் இடம் வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். அது பெரிய விசயம்தான். ஆனால் அப்படிப் பிடித்து அடித்தாலும் தட்டு குத்தத்தான் செய்தது. பாய் பறந்துகொண்டே இருந்தது. உம்மா குசினி ஜன்னலால் பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்புவா. அந்தச் சட்டி ஓசைக்குள் பட்டறையின் சுத்தியல் சத்தம் எனக்குக் கேட்டது.

பெருநாள் வந்தது. எங்கள் வீட்டில் மாடு ஒன்றில் பங்கு. அறுப்பு முடிந்து எங்கள் பங்கு இறைச்சி வந்ததும், முற்றத்தில் தென்னோலையை விரித்து அதன் மேல் கொட்டி, நானும் உம்மாவும் துண்டு போட உட்கார்ந்தோம். உறவுக்கு ஒரு பங்கு, இல்லாதவர்களுக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்து, சூடு ஆறுவதற்குள் பைகளில் கட்டி அனுப்ப வேண்டும். நான் வழக்கம் போல அவசரப்பட்டேன். கத்தியை அழுத்தி, மணிக்கட்டால் குத்திக் குத்தி வெட்டினேன். இறைச்சி வழுக்கி வழுக்கி ஓடியது. குவியல் பாதியாவதற்குள் மணிக்கட்டு மரத்துப்போனது.

மரத்துப்போன கையோடும் வேலையை விட முடியாது. எனவே மணிக்கட்டை அப்படியே விட்டுவிட்டு வெட்டத் தொடங்கினேன். அது அசையாது என்றானபின், கத்தியை நகர்த்த முழங்கையும் தோளும்தான் மிச்சம். முழங்கை பின்னால் போனது, கத்தி அதோடு இழுபட்டு வந்தது, இறைச்சி தானாகத் திறந்தது. மறுபடியும் அப்படி. மறுபடியும். நான் அழுத்தவே இல்லை. கூர் நீளவாக்கில் ஓடிப்போவதுதான் வெட்டு. மேலிருந்து விழுவது வெறும் அடி.

கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"இறைச்சிக் கையோட எங்க ஓடுற?" என்றா உம்மா.

"வாறன் உம்மா, ஒள்ளுப்பம் பொறுங்க."

"மனிசர் பங்குக்குக் காத்துக்கிட்டிருக்காங்க, இவ வாளுக்கு ஓடுறா."

கொழுப்புப் பிசுக்கோடு நகல் பிடியைப் பிடித்தேன். சுட்டுவிரல் மேலே, மூன்று விரல் உள்ளே. மணிக்கட்டை இறைச்சி வெட்டிய மாதிரியே பூட்டி வைத்தேன். தட்டு குத்தவில்லை. உள்ளங்கையின் அடிமேட்டில் வந்து சாய்ந்துகொண்டது, கையைத் தாங்குகிற மாதிரி. தோளிலிருந்து ஒரு வட்டம் வீசினேன். கத்தி காற்றில் என்னைச் சுற்றி இழுபட்டு வந்தது. வேண்டுமென்றே ஒரு தடவை தம்பியைப் போல மணிக்கட்டை முறித்து வீசினேன். உடனே குத்து. திரும்பவும் பூட்டினேன். குத்து இல்லை.

முற்றத்தில் நின்று சத்தமாகச் சிரித்தேன். பிடி சிறியதாக இருப்பது குறையே இல்லை. அது ஒரு கண்டிப்பு. மணிக்கட்டை ஆட்டாதே, இழு என்று ஒவ்வொரு வீச்சிலும் கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற பிடி அது. தப்பாகப் பாவித்தால் பாவிப்பவனுக்கே வலிக்கும்படி அளந்து செய்திருக்கிறார்கள். நாங்கள் இத்தனை காலமும் அந்த வலியை வாளின் பிழை என்று நினைத்திருந்தோம்.

ஊற வைத்த பாய் இல்லாததால் அன்றைக்கு வெட்ட முடியவில்லை. மிச்ச இறைச்சியை நானே தனியாக வெட்டித் தருகிறேன் என்று உம்மாவைச் சமாதானப்படுத்தினேன். வெட்டினேன், தோளால்.

மறுநாள் காலை முதல் வெட்டு பாய்ச் சுருளின் பாதி வரை போய் நின்றது. பாய் பறக்கவில்லை. அதுவே எனக்குப் பெருநாள். இரண்டாவதில் உடம்பையும் சேர்த்துத் திருப்பினேன், கத்தி போகும் பக்கமே காலும் போனது. கையில் ஒன்றுமே தெரியவில்லை, தவறவிட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சுருளின் மேல் பாதி ஒரு கணம் தன் இடத்திலேயே நின்றது. பிறகு சரிவாக வழுக்கி நிலத்தில் விழுந்தது. வெட்டுவாயில் பன் இழைகள் ஒவ்வொன்றும் சின்னச் சின்ன வட்டமாகத் தெரிந்தன.

தம்பி துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"ராத்தா, திரும்ப வெட்டு."

வெட்டினேன்.

"கிரிக்கட்டுக்கு இது சரிவராது," என்றான், ஏதோ சலுகை தருகிற குரலில்.

அதன் பிறகு உண்மையான வாளை எடுத்து வெயிலில் வைத்து, முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அலகின் அடியில், சுட்டுவிரல் வளைந்து கிடக்கும் இடத்தில், கூர் தீட்டப்படவே இல்லை. இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டையாக விட்டிருந்தார்கள். தட்டின் விளிம்பில் சுற்றிவர மெல்லிய கோலம் கீறியிருந்தது. உள்ளங்கையின் அடிமேடு சாயும் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் கோலம் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. யாரோ ஒருவருடைய கை அங்கே வருசக்கணக்கில் சாய்ந்திருக்கிறது. அவர் எந்த ஊர், யாருக்காக வாள் எடுத்தார், ஒருவரையாவது வெட்டினாரா, எனக்குத் தெரியாது. அவர் கையை எப்படி வைத்துக்கொண்டார் என்பது தெரியும்.

சொன்னபடி உத்தியோகத்தரும் நாடக சேரும் வந்தார்கள். அவர்களுடைய வாகனம் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் வராது என்று பிரதான வீதியில் விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். அடுத்த வீட்டு மாமி வேலியோரம் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டா. நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். வழக்கம் போல வேகமாக, பாதியை விழுங்கி.

"மெல்ல மகள்," என்றார் சேர். "முதல்ல நான் ஒரு வெட்டு வெட்டிப் பாக்கிறன்."

நகலை வாங்கினார். மேடையில் பொடியன்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரித் தலைக்கு மேல் தூக்கி இறக்கினார். பாய் வேலிக்குப் போனது. மாமி காலை இழுத்துக்கொண்டா. சேர் மணிக்கட்டைத் தடவினார்.

நான் புதுச் சுருளை நிறுத்தி வெட்டினேன். தோள் மறக்கவில்லை. மேல் துண்டு அவர் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

சேர் குனிந்து அதன் வெட்டுவாயைத் தடவிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "எனக்கும் காட்டித் தா."

"சுட்டுவிரல இஞ்சால போடுங்க சேர். மணிக்கட்ட முறிக்காதீங்க. அடிக்கிற எண்டு நினைக்காதீங்க, இழுக்கிற எண்டு நினைங்க."

அவருடைய மூன்றாவது வெட்டு முக்கால்வாசி போனது. பிடித்த கையை விரிக்காமலே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உண்மையான வாளின் தேய்ந்த விளிம்பைக் காட்டினேன். விரலால் தடவினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"மிஸ்," என்றார் உத்தியோகத்தரிடம், "நான் சொன்ன பிழை. இத ஒருத்தன் பாவிச்சிருக்கான். நல்லாப் பாவிச்சிருக்கான்." என் பக்கம் திரும்பி, "நான் செஞ்ச வாளுக்கெல்லாம் நல்லாப் பெரிய பிடி வெச்சன் மகள். அதாலதான் அதெல்லாம் நாடக வாள்."

உத்தியோகத்தர் வாளைப் பொறுப்பேற்பதாக எழுதிக் கையெழுத்து வைத்தா. வாப்பா அதை வாங்கி, இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். வைத்த பிறகும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா. பட்டறைப் பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக உத்தியோகத்தரைப் பிடித்துக்கொண்டா.

"கண்ணாடிப் பெட்டி பூட்டுத்தானே? ஆரும் கைய வெச்சுப் பாக்க ஏலாதே? இந்த உப்புக் காத்துக்கு அதுக்கு எண்ண பூசணும், தெரியுமா மிஸ்? நான் எத்தின வருசமாப் பூசி வாறன்."

வாப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உம்மா எண்ணெய் பூசிய கதை எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை தெரியாது.

புறப்படும் நேரம் வாப்பா வாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "வாகனம் மட்டும் நீயே கொண்டுபோய்க் குடு."

ஒழுங்கையில் ஒவ்வொரு கடப்படி வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். உத்தியோகத்தர் முன்னால் போனா, சேர் பக்கத்தில் வந்தார், உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பின்னால் வந்தா. பகல் வெளிச்சத்தில், எங்கள் ஊர் வீதியில், கையில் வாளோடு நான் நடந்தேன். கடைசி வீட்டு வாசலில் இருந்து யாரோ கேட்டார்கள்: "என்ன புள்ள அது?"

"வாள்," என்றேன், முழுக் குரலில். மூன்று விரலும் உள்ளே இருந்தன. ஒரு விரல் வெளியே.